பாண்டி பஜார்: நடைபாதை யாருக்கு?

எங்க லப்பைக்குடிக்காட்டு கடைத்தெருவில் நடப்பவர்தான் வண்டிக்கு ஒதுங்கணும். சென்னை தி.நகர் பாண்டி பஜாரில் (நீதிக்கட்சியின் சவுந்தரபாண்டியனார் பெயரில் உள்ள அங்காடி) இதைத் தலைகீழாக்கினார்கள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் வண்டிப்பாதையைச் சுருக்கி, நடைபாதையை அகலமாக்கி, உட்கார இருக்கைகள் போட்டு 2019 நவம்பரில் திறந்தார்கள். நடக்க சுகமான இடம், சந்தேகமில்லை.

ஆனா கதை 2013-லேயே தொடங்குது. அந்த வருஷம்தான் நடைபாதை வியாபாரிகளை மாநகராட்சி அங்கேயே கட்டிய பலமாடி வளாகத்துக்கு மாற்றினார்கள். பிளாட்பார வியாபாரமே போறவர் வர்றவர் கண்ணில் படுவதுதானே? ஒரு ஜோடி கம்மலுக்கு யார் மாடி ஏறுவார்? ஆறு வருஷம் கழித்து கீழே பாதை அகன்றது. அதில் அவர்களுக்கு இடமில்லை.

எங்க ஊருக்கு இப்படி ஒரு வரைபடம் வந்தால், தள்ளுவண்டி எங்கே நிற்கும் என்றுதான் முதலில் தேடுவேன்.