விண்ணில் விரைந்த கடிகாரங்கள்

காலம் எங்கும் ஒரே சீராக ஓடுகிறது என்பதை நியூட்டனும் ஐயுறவில்லை. 1905ஆம் ஆண்டில், பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் ஊழியராயிருந்த ஐன்ஸ்டைன் அந்த நம்பிக்கையை அசைத்தார். விரைந்து செல்லும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்றார். 1911இல் இத்தாலியின் பொலோன்யா நகரில் கூடிய தத்துவ மாநாட்டில் பிரெஞ்சு அறிஞர் பால் லாஞ்செவான் இதற்கொரு பயணியைக் கற்பித்தார். ஒளியை ஒட்டிய வேகத்தில் விண்வெளிக்குச் சென்று மீளும் அவனுக்குக் கூடும் வயது இரண்டே ஆண்டுகள். பூமியிலோ இருநூறு ஆண்டுகள் கழிந்திருக்கும்!

வியப்பதற்கு அது போதும். நம்புவதற்குச் சான்று வேண்டுமல்லவா?

1971 அக்டோபரில் ஹஃபேல, கீட்டிங் என்னும் அமெரிக்கர் இருவர் நான்கு சீசியம் அணுக் கடிகாரங்களைச் சாதாரணப் பயணி விமானங்களில் ஏற்றிக்கொண்டு உலகை இருமுறை வலம் வந்தனர். கடிகாரங்களுக்கும் இருக்கை வாங்கியே பயணம் நடந்தது! பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், கிழக்கே பறப்பதற்கு வேகம் மிகுதி. மேற்கே பறப்பதற்குக் குறைவு. அன்றியும், உயரே ஈர்ப்பு தளர்வதால் கடிகாரம் சற்று விரையும். கிழக்கே சென்றவை ஒரு வினாடியின் நூறு கோடியில் 59 பங்கு பின்தங்கின. மேற்கே சென்றவை 273 பங்கு முந்தின. மேற்குப் பயணத்திற்குக் கணக்கு கூறியதோ 275!

இருந்தும் ஐயம் ஒழியவில்லை. 1977 ஜூனில் அமெரிக்கா, வழிகாட்டும் செயற்கைக்கோள்களுக்கு முன்னோடியாக என்.டி.எஸ். 2 என்பதை ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்திற்கு அனுப்பியபோது, சார்பியல் திருத்தம் மெய்யாகவே தேவைதானா என்று ஐயுற்றோர் இருந்தனர். ஆகவே திருத்தும் கருவியை உள்ளே பொருத்தி, அதை இயக்காமலே விட்டனர். இதனினும் நேர்மையான தேர்வு வேறென்ன இருக்க முடியும்? இருபது நாள் பார்த்தனர். கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் 38 பங்கு முந்தி ஓடிற்று. கணக்கு கூறியதும் ஏறத்தாழ அதுவே. அற்பந்தானே என்று விட்டுவிட இயலாது. அவ்வளவு நேரத்தில் ஒளி 11 கிலோமீட்டர் கடந்துவிடும். கப்பலுக்கு வழிகாட்டும் கருவி அவ்வாறு நாள்தோறும் பிழைக்குமாயின், மாலுமியின் கதி என்னாவது?

தாழ்ந்த சுற்றுப்பாதையில் நிலைமை தலைகீழ். அங்கே வேகமே வெல்கிறது, காலம் பின்தங்குகிறது. 1988 முதல் 2005 வரை ஆறு பயணங்களில் 803 நாட்களை விண்ணில் கழித்த ருஷ்ய வீரர் செர்கேய் கிரிக்கலேவ், மண்ணில் இருந்தோரைவிட வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு இளையவராகத் திரும்பினார்.