செய்மதியின் கண்ணும் நிலத்தின் ஞாபகமும்: முசலியை முன்வைத்துச் சில குறிப்புகள்

சென்ற மாரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவரின் மகள் மடிக்கணினியுடன் என் வீட்டுக்கு வந்தாள். மொன்றியலிற் பிறந்து வளர்ந்தவள். இங்குள்ள பல்கலைக்கழகமொன்றில் முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கிறாள். மன்னார், வன்னிப் பகுதிகளின் நிலப்போர்வை கடந்த நாற்பது ஆண்டுகளில் எவ்வாறு மாறிற்று என்பதே அவளது ஆய்வு. நான் ஊரிற் புவியியல் விரிவுரையாளனாக இருந்தவன் என்று தகப்பன் சொல்லியிருக்கிறார். இன்று சென் லோரன் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்து பெட்டி அடுக்குகிறேன் என்பதையும் சொல்லியிருப்பார். அதுபற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

1988க்கும் 2009க்கும் இடையே வயலும் குடியிருப்பும் பற்றைக்காடாக மாறிய நிகழ்தகவை அவளது அட்டவணை காட்டிற்று. முசலிப் பகுதியில் அது மிக உயர்ந்திருந்தது. “மாமா, இந்த இடத்தில மட்டும் ஏன் இப்பிடி? மழை குறைஞ்சதோ, இல்லாட்டிக் குளங்கள் உடைஞ்சதோ?” என்று கேட்டாள்.

பிள்ளையிற் பிழையில்லை. படத்தைப் பார்க்கும் எவரும் முதலில் மழையைத்தான் நினைப்பர். ‘ஒக்டோபர் 1990’ என்று பதில் சொல்ல எனக்குத்தான் நேரம் பிடித்தது. ஏன் நேரம் பிடித்தது என்று யோசித்ததின் விளைவே இக்கட்டுரை.

1

இந்த ஆய்வுமுறையின் வேர் ரஷ்யக் கணிதவியலாளர் அந்திரேய் மார்க்கோவிடம் (1856-1922) உள்ளது. 1913இல் அவர் எடுத்துக்கொண்ட பொருள் கவிதை. புஷ்கினின் ‘யெவ்கேனி ஒனேகின்’ என்ற செய்யுள் நாவலில் 20,000 எழுத்துக்களை எடுத்து, எது உயிர், எது மெய் என்று ஒவ்வொன்றாக எண்ணினார். உயிர்கள் 8,638, நூற்றுக்கு ஏறத்தாழ 43. ஆனால் ஓர் உயிரை அடுத்து மீண்டும் உயிர் வரும் நிகழ்தகவு 0.128 மட்டுமே. மெய்யை அடுத்து உயிர் வரும் நிகழ்தகவோ 0.663. அடுத்து வருவது எது என்பது இப்போது நிற்பது எது என்பதில் தங்கியிருக்கிறது. இச்சங்கிலியின் எளிய வடிவத்தில், அதற்கு முன் வந்தவை எவையென்று கேட்க வேண்டியதில்லை.

இக்கருத்தை நிலத்துக்குப் பொருத்துவது கடினமன்று. ஒரே இடத்தை வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த இரு படங்கள் வேண்டும். ஒவ்வொரு படத்தையும் சிறு சதுரப் புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியையும் வயல், காடு, நீர், குடியிருப்பு என்று வகைப்படுத்த வேண்டும். முதற்படத்தில் வயலாக இருந்த புள்ளிகளில் எத்தனை இரண்டாம் படத்திலும் வயல், எத்தனை காடு என்று எண்ணினால் ஓர் அட்டவணை கிடைக்கும். அதையே மீண்டும் மீண்டும் பெருக்கினால் வருங்காலம் பற்றிய எதிர்வுகூறல் கிடைக்கும். பாடசாலைக் கணிதத்தில் இத்தகைய அட்டவணையைத் ‘தாயம்’ என்று படித்தோம். பகடையிலும் தாயம் உண்டு. தந்தைவழி வரும் சொத்துரிமைக்கும் தாயம் என்றே பெயர்.

படங்களைத் தந்தவை அமெரிக்காவின் லான்ட்சாட் செய்மதிகள். முதலாவது 1972 ஜூலையில் ஏவப்பட்டது. அதன் ஒரு புள்ளி சுமார் 80 மீற்றர். அதாவது ஒன்றரை ஏக்கருக்கு மேல். 1984இல் ஏவப்பட்ட லான்ட்சாட் 5 ஒரே இடத்தை 16 நாட்களுக்கு ஒருமுறை கடந்து, 2011 வரை படமெடுத்தது. அதன் புள்ளி 30 மீற்றர்; எங்கள் ஊர்க் கணக்கில் மூன்றரைப் பரப்பு. 2008இன் பின் இக்களஞ்சியம் முழுவதும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. நான் படிப்பித்த காலத்தில் இவ்வகைப் படங்கள் எமக்கு எட்டாதவை. நில அளவைத் திணைக்களத்தின் ஓரங்குலத் தாள்களை ஒட்டிவைத்துக் கற்பித்தோம். இன்று அதே நிலத்தின் நாற்பதாண்டு காலப் படங்கள் என் சமையலறை மேசையில் விரிகின்றன.

தாயத்தின் இயல்பை விளக்க ஒரு கற்பனைக் கிராமத்தை எடுப்போம். நூறு புள்ளிகள்; 40 வயலும் வளவும், 60 காடு. இருபது ஆண்டுகளில் வயற்புள்ளிகளில் நூற்றுக்கு 70 காடாகின்றன. காட்டுப் புள்ளிகளில் நூற்றுக்கு 5 மட்டும் வெட்டப்பட்டு வயலாகின்றன. முதல் இருபதாண்டின் முடிவில் வயல் 15 புள்ளி. அடுத்த இருபதாண்டில் 9க்குச் சற்றுக் குறைவு. பின் அது ஏழை நெருங்கி அங்கேயே நிலைத்துவிடும். இனி, தொடக்கத்தில் நூறு புள்ளியும் வயல் என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். அதுவும் நான்காம் அடியில் ஏழுக்கு வந்துவிடும். எங்கிருந்து தொடங்கினோம் என்பதைச் சங்கிலி மறந்துவிடுகிறது. இது கணக்கிலுள்ள பிழையன்று, கணக்கின் தேற்றம்.

இதில் மறைந்திருக்கும் எடுகோள் ஒன்றையும் கவனிக்க வேண்டும். கடந்த இருபது ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றத்தின் வீதமே இனியும் தொடரும் என்று தாயம் கொள்கிறது. அக்காலத்தில் ஒரு சனம் துப்பாக்கிமுனையில் வெளியேற்றப்பட்டிருந்தால், அவ்வெளியேற்றமும் மழை, மண் போன்ற இயற்கை விதியாகி 0.7 என்ற எண்ணுக்குள் அடங்கிவிடும்.

2

முசலி, மன்னார் மாவட்டத்தின் தென்பகுதி. முத்துக்குளிப்பால் பெயர்பெற்ற சிலாவத்துறையும் அரிப்பும் இங்கேதான் உள்ளன. தெற்கே மோதரகம் ஆறு. அதற்கு அப்பால் வில்பத்துத் தேசிய வனம். ஆற்றுக்கு வடக்கே மறிச்சுக்கட்டி, கரடிக்குழி, பாலைக்குழி முதலிய முஸ்லிம் கிராமங்களும், முள்ளிக்குளம் என்ற தமிழ்க் கத்தோலிக்கக் கிராமமும் இருந்தன. குளத்துநீரில் நெல், கடலில் மீன், மேட்டில் சேனை, மேய்ச்சலுக்கு மாடு.

1990 ஒக்டோபரின் இறுதி நாட்களில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். முசலி மக்களிற் பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளாயினர். ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தனர். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே பிறந்தனர்.

வட பகுதியில் ஒக்டோபர் தொடக்கம் தை வரை முகில் மூடிய காலம். முகிலில்லாத ஒரு நாளில் செய்மதி வந்திருந்தாலும், மூன்றரைப் பரப்பை ஒரே புள்ளியாகப் பார்க்கும் கண்ணுக்கு மூட்டையுடன் நடப்பவர் தெரியமாட்டார். அவர்கள் போன பின் நடந்ததே அதற்குத் தெரியும். உழாத வயலில் முதலில் புல், பின் முட்பற்றை, பின் மரம். இருபது ஆண்டுகள் வறண்ட வலயத்துப் பற்றைக்குப் போதுமான காலம். மற்றொரு சிக்கலும் உண்டு. தென்னையும் மாவும் பலாவும் நிறைந்த வீட்டுவளவு, ஆட்கள் வாழும்போதே செய்மதிக்குக் காடுபோலத் தோன்றும். இலங்கையின் வீட்டுத் தோட்டங்களை வகைப்படுத்துவோர் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது.

போர் 2009இல் முடிந்தபின் மக்கள் திரும்பத் தொடங்கினர். 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி - கரடிக்குழிப் பகுதி ஒதுக்குக் காடாக வர்த்தமானியிற் பிரகடனம் செய்யப்பட்டது. தம்மிடம் கேளாமலே எல்லைகள் குறிக்கப்பட்டன என்பது திரும்பி வந்தோரின் முறைப்பாடு. 2015இல் ‘வில்பத்துக் காடழிப்பு’ நாடளாவிய சர்ச்சையாயிற்று. சர்ச்சைக்குரிய குடியேற்றங்கள் தேசிய வனத்தின் வட எல்லைக்கு வெளியே இருந்தும் அப்பெயரே நிலைத்தது. 2017 மார்ச்சில் மாவில்லுப் பேணற்காடு என்ற பெயரில் சுமார் 40,000 ஹெக்டேயர் ஒன்றாக்கப்பட்டது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கல்லாறுக் காட்டுப் பகுதியில் நடந்த காடழிப்பைச் சட்டவிரோதமெனக் கண்டு, அன்றைய அமைச்சர் ரிஷாட் பதியுதீன் தம் செலவில் மரம் நாட்ட வேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

சூழலியலாளரின் வழக்கைப் பொய்யென்று நான் சொல்லவரவில்லை. அங்கே நிற்பது உண்மையான காடு, யானையும் உண்மையானது. திரும்பி வந்த குடும்பங்கள் பெருகியிருந்தன. பழைய ஊரெல்லைக்கு வெளியேயும் நிலம் தேவைப்பட்டது. வெட்டப்பட்டது எல்லாம் பழைய வளவு என்றோ, எல்லாம் கன்னிக்காடு என்றோ ஒரேயடியாகச் சொல்வது இரண்டும் தவறு. எது எங்கே என்று புள்ளி புள்ளியாகப் பார்க்க முடியும். ஆனால் அதற்கு முதற்படம் 1990க்கு முந்தியதாக இருக்க வேண்டும். 2009ஐ முதலாண்டாகக் கொள்பவருக்குத் திரும்பி வந்தவன் காடழிப்பவன். 1988ஐ முதலாண்டாகக் கொள்பவருக்கு அவனே வீட்டுக்காரன். செய்மதி இரண்டு ஆண்டுகளிலும் ஒரேமாதிரித்தான் படமெடுத்தது. ஆண்டைத் தெரிந்தவர் மனிதர்.

3

நாம் வாழும் இந்நகரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் குறைவான தூரத்தில் இதற்கு நேரெதிரான ஒரு நிகழ்வு உண்டு. 1969இல் கனடிய மத்திய அரசு மிராபெல் விமான நிலையத்துக்காக ஏறத்தாழ 97,000 ஏக்கர் நிலத்தைச் சுவீகரித்தது. மூவாயிரம் அளவிலான குடும்பங்கள் காணியுரிமையை இழந்தன. அவற்றிற் பெரும்பகுதி நல்ல விவசாய நிலம். 1975இல் நிலையம் திறக்கப்பட்டது. 2004இல் பயணிகள் சேவை நின்றது. 2014இல் கட்டடத்தை இடிக்கத் தொடங்கினர். சுவீகரித்த நிலத்தின் பெரும்பகுதி பயன்படவேயில்லை. 1980களிலும், எஞ்சியதில் 11,000 ஏக்கர் 2006இன் பின்னும், திருப்பிக் கொடுக்கப்பட்டது.

அந்த இடைக்காலத்தில் தம் காணியிலேயே குத்தகைக்காரராகிப் பலர் பயிரிட்டனர். முதல் லான்ட்சாட் பறந்தபோது சுவீகரிப்பு முடிந்து மூன்று ஆண்டுகள். படத்தில் வயல் வயலாகவே இருந்திருக்கும். மிராபெலில் உரிமை மாறியது, நிலப்போர்வை மாறவில்லை. முசலியில் நிலப்போர்வை மாறியது, உரிமை மாறவில்லை. இரண்டிலும் தாயம் தவறான செய்தியையே சொல்லும். நிலப்போர்வை என்பது நிலத்தின் மேலுள்ளதைக் குறிக்கும் சொல். நிலம் யாருடையது என்பதற்கு உறுதி, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரம், பள்ளிவாசல், மையவாடி, குளக்கட்டு, ஊர்ப் பெரியவரின் வாய்மொழி ஆகியவையே ஆதாரம்.

4

இவ்வளவும் பிறரைப் பற்றியது. இனி எம்மைப் பற்றி.

1990 ஒக்டோபரில் எனக்கு இருபத்தொரு வயது. வெளியேற்றத்துக்கு மறுநாள் சோனகத் தெருவால் சைக்கிளிற் போனேன். கதவுகள் திறந்து கிடந்தன. சில மாதங்களிற் கதவு நிலைகளும் ஓடுகளும் கழற்றப்பட்டிருந்தன. நான் ஒன்றும் கேட்கவில்லை; கேட்கப் பயம் என்பது பாதி உண்மை. மீதிப் பாதியை இன்றுவரை எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. 1998இல் நிலப்பயன்பாடு கற்பித்தபோது முசலியைக் கரும்பலகையில் வரைந்து, ‘கைவிடப்பட்ட நிலம்’ என்று எழுதினேன். மாணவர் அதைக் கொப்பியில் எழுதினர். யார் கைவிட்டது என்று எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. செய்மதிக்கு மூன்றரைப் பரப்புக்குக் கீழே கண் தெரியாது. எனக்கு அந்தச் சாட்டும் இல்லை.

2007இல் நாட்டைவிட்டு வெளியேறினேன். அதே ஆண்டு செப்டெம்பரில் முள்ளிக்குளத்துத் தமிழ் மக்களும் வெளியேற்றப்பட்டு, அவர்களின் கிராமத்திற் கடற்படைத் தளம் அமைந்தது. வலிகாமம் வடக்கில் 1990 முதல் உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட வளவுகளும் காடாகின. 2013இல் அங்கே 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அரசு அறிவித்தல் ஒட்டியபோது, பற்றை மூடியதால் எம் வளவு எம்முடையது இல்லாமற் போகாது என்று இங்கே மொன்றியலிலும் கூட்டம் கூடிப் பேசினோம். சரியாகவே பேசினோம். அதே வாதம் மறிச்சுக்கட்டிக்கும் பொருந்தும் என்று அக்கூட்டத்தில் நான் எழுந்து சொல்லியிருக்கலாம்.

எம்மவரிற் பலர் செய்மதிப் படத்தை ஆதாரமாக அறிந்தது 2009இல். முள்ளிவாய்க்காலின் மேலெடுத்த படங்களை ஐக்கிய நாடுகள் நிறுவனத்தினர் ஆராய்ந்தனர். 2011இல் வெளிவந்த செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கையிலும் அவை பயன்பட்டன. எவரும் போகமுடியாத இடத்துக்கு அது சாட்சியாயிற்று. அந்தச் சாட்சியை எமக்காக அழைப்பவர்கள், முசலிக்காக அது 1988இலிருந்து சொல்வதையும் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

‘போருக்கு மத்தியில் இவற்றைப் பேசினால் எதிரிக்கு உதவும்’ என்றனர் அன்று. ‘போர் முடிந்தபின் பழையதைக் கிளறுவதேன்’ என்கின்றனர் இன்று. இரண்டு கூற்றும் மார்க்கோவின் சங்கிலிபோலத்தான் இயங்குகின்றன: இன்றைய நிலையே போதும், முந்தியது வேண்டாம். கணிதத்தில் அது ஒரு வசதி. வரலாறு எழுதப் புறப்பட்டவருக்கு அவ்வசதி கிடையாது.

அன்று அப்பிள்ளைக்கு நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்க இரவாயிற்று. வேலைக்குப் பிந்திப் போனேன். அவள் இப்போது இரண்டு படங்களுக்குப் பதில் 1988, 1992, 2009, 2016 என நான்கு படங்களை வைத்து, ஒவ்வோர் இடைவெளிக்கும் தனித்தனித் தாயம் செய்கிறாள். ஒவ்வொன்றின் கீழும் அக்காலத்தில் அங்கே நடந்ததை எழுதுகிறாள். புத்தளத்தில் இன்னும் உள்ள முதியவர்களைக் கண்டு ஊரெல்லைகளைக் கேட்கவும் எண்ணியிருக்கிறாள். ‘கைவிடப்பட்ட நிலம்’ என்ற வகையை எடுத்துவிட்டாள். அதற்கு வேறென்ன பெயர் வைக்கலாம் என்று என்னைக் கேட்டிருக்கிறாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மறுப்புள்ளவர்களும், குறிப்பாக முசலியையும் சோனகத் தெருவையும் சேர்ந்தவர்களும், இப்பக்கங்களில் எழுத வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.