வேன்: தேய்பிறையின் சொல்

நிலவு தேய்வதைச் சொல்ல ஆங்கிலத்தில் இன்றும் வழங்கும் ‘வேன்’, பழைய ஆங்கிலத்தின் ‘வனியன்’ என்ற வினையிலிருந்து வந்தது. குறைதல், குறைத்தல் இரண்டுமே அதன் பொருள். வளர்தலுக்கு ‘வெயக்ஸன்’; அதுவே இன்றைய ‘வேக்ஸ்’.

‘வனியன்’ வினையின் உறவுச்சொல்லான ‘வன்’ முன்னொட்டாகி இன்மையைக் குறித்தது. இடைக்கால ஆங்கிலத்தில் ‘வன்ஹோப்’ என்றால் நம்பிக்கையற்ற நிலை. எவ்வளவு அழகான சொல், வழக்கொழிந்துவிட்டதே! ‘வான்டன்’ மட்டும் தப்பியது: கண்டித்து வளர்க்கப்படாதவர் என்பதே அதன் முதற்பொருள்.

‘வான்ட்’ இதே குடும்பம்தான், ஆனால் பழைய நார்ஸ் மொழி வழியாக வந்தது. அதற்கு முதலில் ‘இல்லாமை’ என்றே பொருள். ‘விரும்புதல்’ என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. வெளிறிய முகத்தைக் குறிக்கும் ‘வான்’ இந்தக் குடும்பத்தில் சேராது. பழைய ஆங்கிலத்தில் அது கருமையைக் குறித்தது.