பிரிட்டிஷ் உளவுத் தொலைக்காட்சி நாடகம்

1960களின் இறுதியிலிருந்து 1980களின் இறுதிவரை பிரிட்டனில் தயாரான, உரையாடலை ஆதாரமாகக் கொண்ட உளவுத் தொடர்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. துப்பாக்கிச் சண்டையும் கார் துரத்தலும் இவற்றில் அரிது. ஒருவர் எதைச் சொல்கிறார், எதை மறைக்கிறார் என்பதிலேயே கதை நகரும்.

பின்னணி

பிரிட்டிஷ் உளவுத்துறையில் உயர் பொறுப்புகள் வகித்த கிம் ஃபில்பி 1963இல் பெய்ரூட்டிலிருந்து சோவியத் ஒன்றியத்துக்குத் தப்பினார். துரோகி பக்கத்து அறையிலேயே இருக்கலாம் என்ற அச்சம் எழுத்தாளர்களுக்குக் கருவானது. தயாரிப்பு முறையும் இந்த வடிவத்துக்குத் துணைநின்றது. அக்காலத் தொடர்கள் பலவற்றில் உட்புறக் காட்சிகள் ஸ்டுடியோவில் வீடியோ நாடாவில் பதிவாயின. செலவு பிடிக்கும் சாகசத்துக்கு அங்கே இடமில்லை. வசனமும் நடிப்புமே நாடகத்தைத் தாங்கின.

வளர்ச்சி

ஜேம்ஸ் மிட்செல் உருவாக்கிய ‘கேலன்’ (1967–72), தன் தொழிலை வெறுக்கும் அரசாங்கக் கொலையாளியின் கதை. எட்வர்ட் உட்வர்ட் அந்தப் பாத்திரத்தில் நடித்தார். யார்க்‌ஷயர் டெலிவிஷன் தயாரித்த ‘தி சாண்ட்பேகர்ஸ்’ (1978–80) இருபது பகுதிகள் கொண்டது. அதில் உளவுத்துறை அதிகாரி நீல் பர்ன்சைடின் போராட்டம் பெரும்பாலும் லண்டன் அலுவலகங்களில், மேலதிகாரிகளிடம் அனுமதி பெறுவதற்கே நடக்கிறது. தொடரை உருவாக்கிய முன்னாள் கடற்படை அதிகாரி இயன் மெக்கின்டாஷ் 1979இல் அலாஸ்கா அருகே சிறு விமானத்தில் சென்றபோது காணாமல் போனார்.

உச்சம்

உளவுத்துறையில் பணியாற்றிய ஜான் லெ காரேயின் நாவலிலிருந்து பிபிசி உருவாக்கிய ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ 1979 செப்டம்பரில் தொடங்கி ஏழு பகுதிகளாக ஒளிபரப்பானது. ஆர்தர் ஹாப்கிராஃப்ட் திரைக்கதை எழுத, ஜான் இர்வின் இயக்கினார். முதல் காட்சியில் நான்கு அதிகாரிகள் ஒருவர்பின் ஒருவராகக் கூட்ட அறைக்குள் வருகிறார்கள். நால்வரும் அமர்ந்த பிறகே முதல் சொல் ஒலிக்கிறது. அதற்குள் நால்வரின் குணமும் புலப்பட்டுவிடுகிறது. உளவுத்துறைக்குள் ஒளிந்திருக்கும் சோவியத் கையாளைத் தேடும் அதிகாரி ஸ்மைலியாக அலெக் கின்னஸ் நடித்தார். டெல்லிச் சிறைக் காட்சியில் அவர் பேசிக்கொண்டே இருக்க, சோவியத் உளவாளி கார்லாவாக பேட்ரிக் ஸ்டூவர்ட் வாய் திறப்பதேயில்லை. அந்த மௌனத்திடம் ஸ்மைலி தோற்கிறார்.

தொடர் முடிந்த சில வாரங்களில், நவம்பர் 1979இல், கலை வரலாற்றாசிரியர் ஆன்டனி பிளன்ட் சோவியத் உளவாளியாக இருந்தவர் என்று பிரதமர் தாட்சர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். கதையின் மையக்கரு அன்றைய செய்தியாகவே ஆனது.

ஈர்ப்பு

இந்நாடகங்களின் நிதானத்துக்குக் காரணம் உண்டு. பழைய கோப்புகளைப் புரட்டியும், ஓய்வுபெற்றவர்களிடம் பேசியும் ஸ்மைலி உண்மையைச் சேர்க்கும்போது பார்வையாளரும் உடன் விசாரிக்கிறார். ஒரு தயக்கமோ அளவுக்கு மீறிய நட்போ அவருக்குச் சான்றாகிறது. துரோகி யாரென்று தெரிந்த பின்னும் சுவை குறையாததற்கும் இதுவே காரணம். மறுமுறை பார்க்கையில் அதே வசனங்கள் வேறு பொருள் தருகின்றன, கேலியாகத் தோன்றிய சொல்லில் குற்றவுணர்வு தெரிகிறது. சாகசக் கதையில் முடிவு தெரிந்தால் பரபரப்பு அடங்கிவிடும். இங்கே நட்பின் முறிவு முழுமையாகப் புரியத் தொடங்குவதே முடிவு தெரிந்த பிறகுதான்.

பிற்காலம்

‘ஸ்மைலிஸ் பீப்பிள்’ (1982), ‘எ பெர்ஃபெக்ட் ஸ்பை’ (1987), லென் டெய்டனின் நாவல்களிலிருந்து வந்த ‘கேம், செட் அண்ட் மேட்ச்’ (1988) ஆகியவை இம்மரபைத் தொடர்ந்தன. பனிப்போர் முடிந்ததும் இவ்வகை அருகியது. 2011இல் ‘டிங்கர் டெய்லர்’ திரைப்படமானபோது ஸ்மைலியாக நடித்த கேரி ஓல்ட்மன், 2022இல் தொடங்கிய ‘ஸ்லோ ஹார்சஸ்’ தொடரிலும் உளவு அதிகாரியாக நடிக்கிறார். பழைய தொடர்களைவிட அது வேகமானது. ஆயினும் அலுவலகப் பகையையும் சக ஊழியரின் துரோகத்தையும் மையமாகக் கொள்வதில் அவற்றின் வாரிசாகவே நிற்கிறது.