உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா?

பழவேற்காட்டைப் பற்றி எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தொடங்குவார்கள். ஒன்று, டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். மற்றொன்று, குளிர்காலத்தில் ஏரிக்கு வரும் பூநாரைகள். இரண்டும் நமக்குப் பிடித்தமானவைதாம். எனினும் இக்கட்டுரையைப் பொன்னேரிக் கடைத்தெருவின் மாடியறை ஒன்றில், அன்றிருந்த கணினி நிலையத்தில் தொடங்க விரும்புகிறோம். 2002-ஆம் ஆண்டளவில், ஏரிக்கரைக் குப்பங்களைச் சேர்ந்த நாங்கள் நால்வர், பள்ளியில்லாத நாட்களில் சுமார் 20 கிலோமீட்டர் பேருந்தில் சென்று, மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, அங்கே ‘சூப்பர் மரியோ 64’ ஆடினோம். அந்த நால்வரின் நினைவுகளையும் சேர்த்துக் கோத்துப் பார்க்கும் முயற்சி இது.

வீடியோ விளையாட்டுக்கு இலக்கிய வாசகரிடம் என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு தலைமுறையின் நினைவேக்கம் எதன்மீது கவிகிறது என்பது வரலாற்றுக் கேள்விதான் என்பது எங்கள் எண்ணம்.

அதற்கு முன்பு நாங்கள் அறிந்திருந்த விளையாட்டுகள் தட்டையானவை. சென்னை பர்மா பஜாரிலிருந்து உறவினர் யாராவது வாங்கிவரும் ‘டிவி கேம்’ கருவியில் மரியோ இடமிருந்து வலமாக ஓடுவான். குழி வந்தால் தாண்டுவான். ஆமை வந்தால் மிதிப்பான். அவனது உலகுக்கு நீளமும் உயரமும் உண்டு, ஆழம் கிடையாது. 1985-இல் வந்த அந்த வடிவம் பத்தாண்டுகளுக்கு மேல் இந்தியத் தெருக்களில் நிலைத்திருந்தது.

1996 ஜூன் 23 அன்று ஜப்பானில் நிண்டெண்டோ 64 என்ற கருவியோடு வெளிவந்த ‘சூப்பர் மரியோ 64’ அந்தத் தட்டை உலகைத் திறந்துவிட்டது. அதே ஆண்டில் ‘டூம் ரைடர்’, ‘க்ராஷ் பாண்டிகூட்’ ஆகிய முப்பரிமாண விளையாட்டுகளும் வந்தன. ஆயினும் திறந்த வெளியில் மனம்போல் அலையும் சுதந்திரத்துக்கு இலக்கணம் வகுத்தது மரியோதான் என்று இத்துறை வரலாற்றை எழுதியவர்கள் பலர் கருதுகின்றனர். கையிலுள்ள சிறு கோலை விரல்நுனியால் மெல்லத் தள்ளினால் அவன் நடப்பான். முழுக்கத் தள்ளினால் ஓடுவான். அவனைப் பின்தொடர்ந்து காட்டும் ஒளிப்படக் கருவியும் கதைக்குள்ளேயே இருந்தது. மேகத்தில் அமர்ந்த ஒரு குட்டி, தூண்டிற்கோலில் அதைத் தொங்கவிட்டபடி பின்னாலேயே பறந்துவரும். தூண்டிலில் கட்டிய கண்! மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கதை எளியது. ஓர் இளவரசியின் கோட்டை. உள்ளே சுவர்களில் ஓவியங்கள். ஓவியத்துக்குள் குதித்தால், குளத்தில் கல் விழுந்தாற்போல் அதன் பரப்பு அலைந்து, நம்மை வேறோர் உலகுக்குள் விடும். 15 பெரிய உலகங்கள். மொத்தம் 120 நட்சத்திரங்கள். ஆனால் தொடக்கத்தில், கோட்டைக்கு வெளியே அகழியும் புல்வெளியும் மரங்களும் மட்டுமே உண்டு. அங்கே எதிரி இல்லை, கடிகாரம் இல்லை. எங்கள் முதல் ஒரு மணி நேரக் காசு முழுவதும் அந்தப் புல்வெளியில் ஓடியே தீர்ந்தது.

அந்தக் கருவியை நாங்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1999 ஜனவரியில் ‘அல்ட்ரா எச்எல்இ’ என்ற எமுலேட்டர் வெளிவந்தது. நிண்டெண்டோ 64 செய்யும் வேலையைச் சாதாரணக் கணினியைக்கொண்டே செய்யவைத்த மென்பொருள் அது. அவ்வழியில் வந்தவற்றுள் ஒன்றுதான், பெயரெழுதாத குறுந்தகடு ஒன்றில் எங்கள் மாடியறைக்கும் வந்து சேர்ந்தது. கோலுக்குப் பதில் விசைப்பலகை. மரியோவால் மெல்ல நடக்க முடியாது. ஓட மட்டுமே தெரியும். நாங்கள் ஏங்குவது அந்த ஊனமான மரியோவுக்குத்தான்.

எங்களை மிகவும் ஈர்த்தவை தண்ணீர் உலகங்கள். ஒன்றில் மூழ்கிய கப்பலும், அதன் சாளரத்திலிருந்து தலை நீட்டும் பெரிய விலாங்கும் உண்டு. மூச்சு முடிவதற்குள் மேலே வந்துவிட வேண்டும். மற்றொன்று இன்னும் விசித்திரமானது. ஓவியத்தின் எந்த உயரத்தில் குதிக்கிறோமோ அதற்கேற்ப உள்ளே நீர்மட்டம் அமையும். தாழக் குதித்தால் தரை தெரியும். உயரக் குதித்தால் ஊரே மூழ்கியிருக்கும்.

இதை ஒருநாள் எங்களில் ஒருவன் தன் வீட்டுத் திண்ணையில் வியந்து சொல்லிக்கொண்டிருந்தபோது, வலை பொத்துக்கொண்டிருந்த அவன் பெரியப்பா நிமிராமலே கேட்டார்:

“அந்தத் தண்ணி உப்புத் தண்ணியாடா, நல்ல தண்ணியாடா?”

“கேம்ல அதெல்லாம் கிடையாது, பெரியப்பா.”

“அப்போ அது தண்ணியே இல்ல.”

அன்று நாங்கள் சிரித்தோம். அக்கேள்வியின் பொருள் புரிய எங்களுக்குப் பல ஆண்டுகள் ஆயின.

பழவேற்காடு ஏரி, சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்கோடி மட்டுமே தமிழகத்தில். மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவரும். முகத்துவாரம் வழியே கடல் உள்ளே வரும். கோடையில் முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்தால் உப்பு ஏறும், நீர்மட்டம் இறங்கும். இறால் குஞ்சுகள் கடலிலிருந்து வந்து ஏரியில் வளர்ந்து மீண்டும் கடலுக்குத் திரும்புபவை. எனவே ஏரி மீனவருக்கு உப்பு என்பது செய்தி. முகம் திறந்திருக்கிறதா, மடவை வந்திருக்குமா, இறால் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் தண்ணீரை நாவில் வைத்தே அறிந்த தலைமுறை அது. நீர்மட்டம் ஏறி இறங்கும் அந்த உலகம் எங்கள் வாசலிலேயே இருந்தது. அதைக் காண நாங்கள் பொன்னேரிக்குப் பேருந்து ஏறினோம்.

இங்கே ஒரு முரண் உண்டு. அவ்விளையாட்டை இயக்கிய ஷிகெரு மியாமோட்டோ 1952-இல் கியோட்டோவுக்கு அருகிலுள்ள சோனோபேயில் பிறந்தவர். சிறுவயதில் குன்றுகளில் வரைபடமின்றி அலைந்ததையும், குகை ஒன்றைக் கண்டு விளக்கோடு உள்ளே சென்றதையும், எதிர்பாராமல் ஓர் ஏரியைக் கண்டு வியந்ததையும் அவர் நேர்காணல்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். தம் படைப்புகளின் ஊற்று அவ்வியப்பே என்றும் சொல்லியிருக்கிறார். ஆக, ஓர் ஏரியைக் கண்ட சிறுவனின் நினைவேக்கம் விளையாட்டாகிக் கடல் கடந்து, ஏரிக்கரையில் பிறந்த சிறுவர்களை ஏரியிலிருந்து திருப்பித் திரைக்கு இழுத்தது.

கடல் கடந்த அந்தப் பாதையும் முற்றிலும் புதியதன்று. நிண்டெண்டோ 1889-இல் கியோட்டோவில் ‘ஹனாஃபுதா’ எனும் மலர்ச்சீட்டுகள் செய்யும் கடையாகத் தொடங்கியது. ஜப்பானியருக்குச் சீட்டாட்டத்தை அறிமுகம் செய்தவர்கள் பதினாறாம் நூற்றாண்டில் அங்கு சென்ற போர்த்துக்கீசியர். சீட்டைக் குறிக்கும் ‘கருதா’ என்ற ஜப்பானியச் சொல்லே போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு. அதே நூற்றாண்டில் பழவேற்காட்டிலும் போர்த்துக்கீசியர் இருந்தார்கள். அவர்களுக்குப் பின் டச்சுக்காரர் இங்கே 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். ஜப்பானில் 1609-இல் ஹிராடோவில் கிடங்கு வைத்து, 1641-இல் தெஜிமாத் தீவுக்கு மாறினர். இரு துறைகளுக்கும் இடையே பத்தாவியா நின்றது. சோழமண்டலக் கரையின் கோடிட்ட பருத்தித் துணிக்கு ஜப்பானில் ‘சாந்தோமே’ என்று பெயர் வழங்கியது. நம் சாந்தோமின் பெயர்தான் அது. இங்கிருந்து துணி போயிற்று. நான்கு நூற்றாண்டு கழித்து அங்கிருந்து மரியோ வந்தான். கல்லறைத் தோட்டத்து வாயிலின் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு இப்போது இந்த நினைவும் சேர்ந்தே வருகிறது.

இனி, எங்களை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறோம்.

2019-இல் ஆர்வலர்கள் சிலர், கூலி எதிர்பாராமல், ‘சூப்பர் மரியோ 64’-இன் நிரலை வரிக்குவரி மீட்டெழுதினர். 2020 செப்டம்பரில் நிண்டெண்டோவே அதை மறுபதிப்பாக வெளியிட்டது. 2021 ஜூலையில், உறை பிரிக்காத ஒரு பிரதி அமெரிக்க ஏலத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போயிற்று. ஒருமுறைகூட ஆடப்படாத விளையாட்டுக்கு அந்த விலை. அவ்வுலகின் ஒரு புல்கூட இனி அழியாது.

ஏரிக்கு அப்படியொரு பிரதி இல்லை. வண்டல் படிந்து அது ஆழம் குன்றி வருகிறது. ஏரிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து 1971 முதல் ராக்கெட்டுகள் பறக்கின்றன. அதற்காக அங்கிருந்த குடிகள் இடம்பெயர்ந்தனர். தெற்கே 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும், 2013-இல் காட்டுப்பள்ளித் துறைமுகமும் இயங்கத் தொடங்கின. கரை அரிப்பும் முகத்துவாரத்தின் போக்கும் அவற்றால் மாறிவிட்டன என்பது மீனவர்களின் நெடுநாள் முறையீடு.

‘பாடு’ என்ற முறையும் உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்கள் ஏரியின் வலையிடும் இடங்களை முறைவைத்தும் குலுக்கல் போட்டும் பகிர்ந்துகொண்ட பழைய ஒழுங்கு அது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது. இன்று உனக்கு, நாளை எனக்கு. அதைப் பொற்காலமாகப் பாடவும் நாங்கள் தயாரில்லை. அந்த முறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் இருந்தார்கள். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குக் குலுக்கலில் சீட்டு இருந்ததில்லை. எனினும் அதன் விதிகளும் விலக்குகளும் வழக்குகளும் பெரும்பாலும் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன.

120 நட்சத்திரங்களும் எங்கெங்கே உள்ளன என்று எங்கள் நால்வரால் இன்றும் சொல்ல முடிகிறது. முகத்துவாரத்துக்கு உள்ளே எந்த ஓடையில் எந்த மாதம் எந்த வலை என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். எங்களில் ஒருவர்கூட இன்று படகில் இல்லை. ஒருவர் சென்னையில் கணக்கெழுதுகிறார், ஒருவர் ஆசிரியர், இருவர் வளைகுடாவில்.

விளையாட்டின்மீது குற்றமில்லை. அது எங்களுக்கு ஒரு வெளியில் வியந்து அலையக் கற்றுக்கொடுத்தது. அந்த வியப்பைக் கொஞ்சம் திருப்பி ஏரியின் பக்கம் செலுத்தியிருக்கலாம் என்பதே எங்கள் வருத்தம். தாமதமாகவேனும் சென்ற பொங்கலுக்கு ஊரில் கூடியபோது, பெரியப்பாவின் எதிரே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தோம். பார்வை மங்கிவிட்டது அவருக்கு. ஓடைகளின் பெயர்களை வடக்கிலிருந்து தெற்காக ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டு பக்கம் நிறைந்ததும் களைத்துப்போய், மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்.

மறுநாள் காலை துறைக்குப் போய்த் தண்ணீரை ஒரு கை அள்ளி நாவில் வைத்துப் பார்த்தோம். கரித்தது. அது எந்த உப்பு, எதன் செய்தி என்று படிக்க எங்களுக்குத் தெரியவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு மீண்டும் திண்ணைக்குப் போனோம்.