வைப்பினும் ஒரு தொட்டி டீசலும்

1341-ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளம் குவித்த மணலால் உருவாயிற்றென்று பரம்பரையாகச் சொல்லப்படும் வைப்பின் தீவு, கொச்சி அழிமுகம் முதல் முனம்பம் வரை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளமுடையது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் டீசல் கார், 50 லிட்டர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டால், 750 கிலோமீட்டர் பிரயாணம் செய்யும். அதாவது தீவை முப்பது முறை அளந்துவிடும். ஆயினும், எதிர்க்கரையில் கண்ணுக்குத் தெரியும் எர்ணாகுளத்துக்குச் செல்ல, அந்தக் காரையே ஜங்கார் என்னும் வாகனப் படகில் ஏற்றி ஃபோர்ட் கொச்சியில் இறக்கி, மட்டாஞ்சேரி, தோப்பும்படி வழியாகவோ, அன்றி வடக்கே செறாயி, பறவூர் என்று பிரதட்சிணம் வந்தோ போகவேண்டிய நிர்ப்பந்தம் 2004 வரை நீடித்தது. எஞ்சினின் சாமர்த்தியத்தைவிடப் பாலத்தின் உபகாரமே பெரிதென்பது என் அபிப்பிராயம்.

காயலோரத்தைத் தூர்த்துப் பெற்ற நிலத்தை விற்ற திரவியத்தைக்கொண்டு, முளவுகாடு, வல்லார்பாடம் தீவுகளைத் தொட்டுச் செல்லும் மூன்று கோஸ்ரீ பாலங்கள் அவ்வாண்டில்தான் திறக்கப்பட்டன. வெறுமனே ஆட்களை அக்கரை சேர்க்கும் படகுத் தொழிலோ அழியவில்லை. 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோ என்னும் படகுப் போக்குவரத்தின் முதல் மார்க்கம் ஹைகோர்ட்டிலிருந்து வைப்பினுக்கே அமைந்தது. அதன் படகுகள் மின்கலத்தால் ஓடுகின்றன.