திரைக்குள் எரிந்த உலை

வாஷிங்டன் என்றதும் வெள்ளை மாளிகை நினைவுக்கு வரும். நாம் சொல்வது அந்த வாஷிங்டன் அன்று. ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், டெக்சாஸ் மண்ணை நாடிச் சென்ற குடியேறிகள் வண்டியை நிறுத்தி, மாட்டை அவிழ்த்து, மூச்சுவிட்டுச் சென்ற சிற்றூர். அந்த ஊரில் ஒரு கொல்லன். பெயர் ஜேம்ஸ் பிளாக். 1800-இல் பிறந்தவர். வெள்ளி வேலை பழகி, பிழைப்புத் தேடி வந்து, இரும்பிலே பெயர் பெற்றவர். அலாமோ கோட்டைப் போரில் 1836-இல் மாண்ட ஜேம்ஸ் போவியின் புகழ்பெற்ற கத்தியை அடித்துக் கொடுத்தவர் இவரே என்று அவ்வூர் மரபு பேசும். ஆய்வாளர் சிலர் மறுப்பர். கத்தி யாருடையதாயினும் ஆகுக! நாம் நோக்க வேண்டியது கொல்லனை.

பிளாக் தம் உலைக்களத்தை ஒரு தோல் திரையால் மறைத்துக்கொண்டார். சம்மட்டி ஒலி வெளியே கேட்கும். இரும்பு எந்த நிறத்தில் சிவந்தபோது எதிலே தோய்த்தார் என்பது எவருக்கும் தெரியாது. உற்றார் அறியார்; உடன் உழைத்தார் அறியார். பிறகு வாழ்வு இருண்டது. நோயுற்றுக் கிடந்த நிலையில் மாமனாரே அவரைத் தாக்கினார். பார்வை கெட்டது. கண்ணிழந்த கொல்லனை ஜோன்ஸ் என்ற மருத்துவரின் குடும்பம் ஏற்று, ஆண்டுக்கணக்கில் சோறிட்டுக் காத்தது.

1870, மே முதல் நாள். பிளாக்குக்கு எழுபது வயது நிறைந்தது. அந்த வீட்டு மகன் டேனியல் ஜோன்ஸை அழைத்தார். நன்றிக்கடனாகக் கொடுக்கத் தம்மிடம் எஞ்சியிருப்பது இரும்பைப் பதப்படுத்தும் மறைபொருள் ஒன்றே என்றும், அதை எழுதிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். ஏடும் எழுதுகோலும் வந்தன. கொல்லர் வாய் திறந்தார், தயங்கினார், நெற்றியைத் தேய்த்தார், சிறிது நேரம் கழித்து வருமாறு அனுப்பினார். மீண்டும் வரச்சொன்னார், மீண்டும் அனுப்பினார். பத்துப் பன்னிரண்டு படிகள் உண்டு என்பது மட்டும் நினைவில் இருந்தது. ஒரு படியேனும் நினைவுக்கு வரவில்லை. ஏக்கம் தாங்காது அழுதார் கிழவர். இரண்டே ஆண்டில், 1872-இல், மறைந்தார். பின்னாளில் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் ஆளுநராக உயர்ந்த அந்த டேனியல் ஜோன்ஸ் தம் கைப்பட எழுதிவைத்த செய்தி இது.

இதைக் கேட்டு நகைப்பது எளிது. கஞ்சன், கருமி என்று ஏசுவதும் எளிது. ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். நிலமில்லை, நிதியில்லை, மன்னர் தந்த மானியமில்லை. கையிலே உள்ள சூட்சுமம் ஒன்றே அவனுக்குச் சோறு. அதை அடுத்தவன் அறிந்தால் அடுப்பு அணையும் என்று அஞ்சினான். அச்சம் பிறந்தது பேராசையிலிருந்து அன்று, பசியிலிருந்து! கொல்லனைத் திரைபோட வைத்த உலகம், பிறகு கொல்லன் மறைத்தான் என்று குறைசொல்வதில் நேர்மை உண்டா?

நூறாண்டு சென்றது. அமெரிக்காவில் கத்திகள் தொழிற்சாலையிலே பிறந்தன. கைவினைஞர் பலரும் கூட எஃகுத் தகட்டை வெட்டி, அரைத்து, கூராக்கினரேயன்றிக் காய்ச்சி அடித்தவர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. அந்தச் சிலருள் ஒருவர் மேரிலாந்து மாநிலத்துப் பில் மோரான். 1925-இல் பிறந்த பண்ணை வீட்டுப் பிள்ளை. 1950களின் இறுதியில் பால் பண்ணையை விட்டார். பட்டறையையே முழுப் பிழைப்பாகக் கொண்டார். துணிச்சல் என்பதா, பித்து என்பதா? அக்கம் பக்கத்தார் இரண்டாவதைத்தான் சொல்லியிருப்பர்!

அடுக்கெஃகு செய்யும் கலையை அவர் தாமே முயன்று, தோற்று, மீண்டும் முயன்று கற்றார். வன்மை மிகுந்த எஃகும் மென்மை மிகுந்த இரும்பும் மாறி மாறி அடுக்கப்படும். வெண்காரம் தூவி, வெளுக்கக் காய்ச்சி, அடித்து ஒன்றாக்கி, நீட்டி, மடித்து, மறுபடியும் அடிப்பர். ஐந்து அடுக்கில் தொடங்கி ஆறு முறை மடித்தால் 320 அடுக்கு. முடிவில் அமிலத்தில் நனைத்தால் நீரோட்டம் போன்ற வரிகள் மேலெழும். 1973-இல் கான்சாஸ் நகரில் கத்திக் கலைஞர்கள் கண்காட்சி. மோரான் அங்கே அந்தக் கத்திகளை வைத்தார். கத்திகளுக்கு அருகிலேயே, செய்முறை முழுவதையும் விளக்கும் சிறு நூலையும் வைத்தார். விலை? இல்லை! வந்தவர்க்கெல்லாம் வழங்கினார்.

போட்டியாளரைத் தாமே உண்டாக்கிய இந்த மனிதரின் அடுப்பு அணைந்ததா? அணையவில்லை. அவர் கத்திக்கு முன்பணம் கட்டியவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தனர். 1976-இல் மோரானும் நண்பர்களும் அமெரிக்கக் கத்திக்கொல்லர் சங்கத்தை நிறுவினர். 1988-இல் சங்கத்தின் பள்ளி திறக்கப்பட்டது. எந்த ஊரில் தெரியுமா? ஜேம்ஸ் பிளாக் திரைபோட்டு வாழ்ந்த அதே வாஷிங்டனில்.

சங்கத்தின் தேர்வைப் பற்றிச் சொல்லாமல் செல்ல, ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு மனம் வரவில்லை. தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். கட்டட வேலைக்கான மரச்சட்டத்தை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன்பின்னும் அதே வாய் கைமயிரை மழிக்க வேண்டும். இறுதியில் கத்தியைப் பிடிகருவியில் இறுக்கித் தொண்ணூறு பாகை வளைப்பர், முறியலாகாது. வாய் வன்மையாகவும் முதுகு மென்மையாகவும் பதம் பெற்றிருந்தாலன்றி இது இயலாது. தலைக்கொல்லர் பட்டம் வேண்டுவோர் இவ்வளவையும் குறைந்தது முந்நூறு அடுக்குக் கத்தியால் செய்து காட்ட வேண்டும். யார் மகன், எந்தக் குடும்பம் என்ற கேள்வி அத்தேர்வில் இல்லை. வினாத்தாளை முன்கூட்டியே வெளியிட்டுவிட்டு நடத்தும் தேர்வு. ஆனாலும் ஏமாற்ற வழியில்லாத தேர்வு! நம் பள்ளித் தேர்வுகளை எண்ணிப் பெருமூச்சு விடுகிறோம்.

கையால் அடிக்கும் கத்தி ஒன்றுக்கு நாள்கள் பல செல்லும். கரி, எஃகு, கைப்பிடிக்கு மரம், கண்காட்சிக்குப் பயணம் எனச் செலவு முந்தி நிற்கும். வரவு பிந்தி வரும். ஆகவே கொல்லர் பலருக்குக் கற்பித்தலே மற்றொரு கை ஆயிற்று. இரண்டு வாரத் தொடக்க வகுப்பு, அடுக்கெஃகு வகுப்பு, தம் பட்டறையிலேயே தனிப் பயிற்சி எனக் கட்டணம் வருகிறது. கற்றவருள் சிலரே கொல்லராவர். ஏனையோர் கத்தியின் அருமை உணர்ந்த வாடிக்கையாளராவர். திரைபோட்டவன் அஞ்சியது நடக்கவில்லை, நேர்மாறு நடந்தது. மோரான் 2006-இல் மறைந்தார். 2020-இல் அதே ஊரில் ஆர்க்கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரி ஒன்று கத்திக்கொல்லர் பள்ளி தொடங்கியபோது, ஜேம்ஸ் பிளாக்கின் பெயரையே அதற்கு இட்டது.

இனி நம் பக்கம் திரும்புவோம். தமஸ்கு வாள் என்று ஐரோப்பா வியந்ததே, அதன் எஃகு தென்னிந்தியாவிலிருந்து சென்ற கட்டி. ஆங்கிலேயர் 'ஊட்சு' என்று அழைத்தது கன்னடரும் தெலுங்கரும் சொல்லும் உக்கு, நம் உருக்கு. இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்கட்டையை மண்மூசையில் இட்டு, எருக்கிலையால் மூடி, களிமண்ணால் வாயடைத்து, கரியுலையில் காய்ச்சினர் சேலத்துப் பக்கத்தார். மின்னியலின் முன்னோடி மைக்கேல் பாரடே, 1819 முதல் சில ஆண்டுகள் இந்த எஃகின் இயல்பை ஆராய்ந்தார். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்த உலைகள் அவிந்தன. சீமை எஃகு மலிவாக வந்தது. காடு அரசுடைமையாகிக் கரி அரிதாயிற்று. வாளின் இடத்தைத் துப்பாக்கி பிடித்தது.

உலை அவிந்தது சரி, அறிவும் ஏன் அவிந்தது? ஆர்க்கன்சாஸ் கொல்லனிடம் ஏடும் எழுதுகோலும் காலங்கடந்தேனும் வந்தன. இங்கே? எழுத்தறிந்தவன் உலைப்பக்கம் வரவில்லை. கரிபடிந்த கையை இழிந்த கை என்றான். உலையறிந்தவனுக்கு எழுத்து எட்டவில்லை. தந்தை மகனுக்குச் சொன்னான். மகன் கூலிக்குப் போனதும் சொல் நின்றது. நமக்குக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை புக்கானன் போன்ற அயல்நாட்டார், 1800-இலும் அதற்குப் பின்னும், ஊர் ஊராகச் சென்று எழுதியவை.

அறுந்த இழையைப் பிடித்தவர் யார்? புளோரிடாவில் குதிரைக்கு லாடம் அடித்த ஆல்பிரட் பெண்ட்ரே என்ற கொல்லர். அவர் உலையில் கட்டிகளை உருக்கினார். அயோவாவின் உலோகவியல் பேராசிரியர் வெர்ஹோவன் அவற்றை அறுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். பல்லாண்டு முயற்சிக்குப்பின், பழைய வாளின் வரிகளைப் போன்ற வரிகள் எழுந்தன. தாதுவில் மிகச் சிறிதளவாகக் கலந்திருக்கும் வனேடியம் போன்ற பொருளே அவ்வரிகளுக்குக் காரணம் என்றனர். 1998-இல் இருவரும் செய்முறையை அச்சிட்டு வெளியிட்டனர். பெண்ட்ரே 2017-இல் மறைந்தார். கட்டுரை இருக்கிறது, சேலத்துப் பட்டறைப் பிள்ளையும் எடுத்துப் படிக்கலாம், ஆங்கிலம் தெரிந்தால்.